மூணாவது குழாய்

மார்ச் மாச ஆணியெல்லாம் ஒருவழியாப் பிடுங்கி முடிச்சாச்சு. வருஷக் கணக்கு முடிஞ்ச பிறகு வங்கிக்காரனுக்கு வர்ற தூக்கம் இருக்கே, அதுக்கு ஈடு இணை கிடையாது. இந்தப் பதிவும் தூக்கத்தைப் பத்தினதுதான். ஆனா என் தூக்கம் இல்லை, எங்க அப்பாவோடது.

போன தடவை எங்க வீட்டு மீன்தொட்டியைப் பத்திப் போகிறபோக்குல ஒரு வரி எழுதியிருந்தேன். "தொட்டிக்குக் கீழ இன்னொரு தொட்டின்னு எழுதியிருக்கீங்களே, ராத்திரி சத்தம் போடாதா?"ன்னு ஒரு நண்பர் கேட்டிருந்தார். போடும். சத்தத்தை அடக்கறேன்னு நான் செஞ்ச கோளாறுல அப்பா கை எலும்புல விரிசல் விட்டது. அதனால கொஞ்சம் விவரமாவே எழுதறேன். யாருக்காவது உபயோகப்பட்டா சரி.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி.

2019-ல கொல்கத்தாவுக்கு மாற்றல் ஆகி வந்தோம். நான், தங்கமணி, பாப்பா. வந்த கையோட பாப்பாவுக்கு மீன் வேணும்னு ஆரம்பிச்சது. இந்த ஊர்ல அதுக்குப் பஞ்சமே இல்லை. ஞாயித்துக்கிழமை காலையில பாக்பஜார் பக்கம் காலிஃப் ஸ்ட்ரீட் போனீங்கன்னா தெரு நெடுக மீனும் பறவையும் செடியும்தான். நம்ம சென்னைக் கொளத்தூர்ல தெருத்தெருவா வண்ண மீன் விக்கறாங்களே, அது மாதிரி, ஆனா பிளாட்பாரத்துல. அங்கே வாங்கின ரெண்டடித் தொட்டியில ஏஞ்சல் மீன் எட்டு விட்டோம்.

2020 மே 20-ஆம் தேதி ஆம்பன் புயல். எங்க தெருவுல மரம் விழுந்து நாலு நாள் கரண்ட் இல்லை. காத்துக் குமிழி விடற மோட்டார் நின்னு போச்சு. பாப்பாவும் தங்கமணியும் முறை வச்சு ஒரு சொம்பால தண்ணியை மொண்டு மொண்டு உயரத்துல இருந்து ஊத்திக்கிட்டே இருந்தாங்க. எட்டுல மூணுதான் பிழைச்சது. "அடுத்த தொட்டி வாங்கினா ஒழுங்கா, பெரிசா வாங்கணும்பா"ன்னு பாப்பா சொன்னா. 2022-ல வாங்கினோம். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு வரைக்கும் நிரப்பினா 250 லிட்டருக்கு மேல பிடிக்கும். கீழே ஸ்டாண்டுக்குள்ள 85 லிட்டர் பிடிக்கிற இன்னொரு தொட்டி. அதுக்குப் பேர் சம்ப். (பேட்டரியில ஓடற காத்து மோட்டார் ரெண்டும் வாங்கி வச்சோம், பட்டது போதும்னு!)

சம்ப் எதுக்குன்னா, வடிகட்டி, ஹீட்டர் எல்லாத்தையும் கண்ணுக்குத் தெரியாம கீழே வச்சுக்கலாம். மேல்தொட்டியோட ஒரு மூலையில கண்ணாடியால ஒரு பெட்டி மாதிரி தடுத்திருப்பாங்க. தடுப்போட மேல்விளிம்புல சீப்புப் பல் மாதிரி வெட்டியிருக்கும். தண்ணி அதைத் தாண்டி வழிஞ்சு பெட்டிக்குள்ள விழும். அங்கிருந்து குழாய் வழியாக் கீழே சம்புக்கு. சம்புல சுத்தமாகி, மோட்டார் வழியா மறுபடி மேலே. எங்க மோட்டார் பெட்டியில மணிக்கு 3000 லிட்டர்னு போட்டிருந்தாலும், நாலடி உயரம் ஏத்தறதால கிடைக்கிறது சுமார் 1800 லிட்டர்தான்.

அதே வருஷம் அம்மா தவறினாங்க. கோவில்பட்டியில அப்பா தனியா இருக்கறது சரிப்படாதுன்னு கையோட கூட்டிட்டு வந்துட்டோம்.

அப்பா ரிட்டயர்டு வாத்தியார். கோவில்பட்டிக்காரங்களுக்கு அப்பாவைப் பத்தி ஒரு விஷயம் நான் சொல்லாமலே புரியும். தண்ணி! நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க தெருக் குழாயில வாரத்துக்கு ஒருநாள் தண்ணி வந்தா அது திருநாள். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் அப்பாதான் முதல்ல எந்திரிப்பார். காத்து "உஸ்"ஸுன்னு குழாயில வர்ற சத்தத்தை வச்சே இன்னும் எத்தனை நிமிஷத்துல தண்ணி வரும்னு சொல்லுவார். காது அப்படி. குடம், அண்டா, சருவம், கடைசியில டம்ளர் வரைக்கும் பிடிச்சு வைப்போம்.

அப்பேர்ப்பட்ட மனுஷனைக் கொண்டாந்து கொல்கத்தாவுல விட்டா? இங்கே தெருக்குழாய் பலதுல திருகே கிடையாது. விடியக்காலையில ஹூக்ளித் தண்ணி பாட்டுக்குக் கொட்டிக்கிட்டு இருக்கும். அப்பா வாக்கிங் போறப்ப மூடப் பார்ப்பார், மூட ஒண்ணும் இருக்காது. ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு, இழவு வீட்டுல நிக்கிற மாதிரி அந்தக் குழாய்கிட்ட கொஞ்ச நேரம் நிப்பார். ஒருநாள் காலிஃப் ஸ்ட்ரீட் போற சாக்குல டாலா தண்ணித் தொட்டியைக் காட்டக் கூட்டிட்டுப் போனேன். 1911-ல ஓட ஆரம்பிச்ச இரும்புத் தொட்டி. 90 லட்சம் கேலன் பிடிக்கும்னு சொன்னேன். ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துட்டு, "இவ்வளவு வச்சிருக்கானுவ, ஒரு திருகு வாங்கி மாட்ட முடியல"ன்னார்.

அப்பாவுக்கு ஹால்ல படுக்கை. பாப்பாவுக்குப் படிக்க ரூம் வேணும்னு அவரே பிடிவாதமா ஹாலைக் கேட்டு வாங்கிக்கிட்டார். மீன்தொட்டியும் ஹால்லதான்.

முதல் வாரமே தங்கமணி கவனிச்சுட்டா. ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணிக்கு அப்பா எந்திரிச்சுப் போய் பாத்ரூம் குழாய், சமையலறைக் குழாய், பால்கனிக் குழாய் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா இறுக்கிட்டு வந்து படுக்கிறார். அரைமணி நேரம் கழிச்சு மறுபடி. நான் ஒருநாள் முழிச்சுக்கிட்டுக் கேட்டேன்.

"என்னப்பா?"

"எங்கியோ தண்ணி போய்க்கிட்டு இருக்குல. சத்தம் கேக்கு."

"மீன்தொட்டிதாம்ப்பா. அது வீணாப் போகலை, அதே தண்ணிதான் சுத்தி சுத்தி வருது."

"தெரியுதுல. புத்திக்குத் தெரியுது. காதுக்குத் தெரிய மாட்டேங்கு."

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

சரி, சத்தத்தை நிறுத்துவோம்னு இறங்கினேன். முதல்ல சத்தம் எங்கெங்கே வருதுன்னு கணக்குப் பிள்ளை மாதிரி பட்டியல் போட்டேன். மூணு இடம். ஒண்ணு, சீப்புப் பல்லைத் தாண்டின தண்ணி பெட்டிக்குள்ள தொபதொபன்னு விழற சத்தம். ரெண்டு, குழாய்க்குள்ள "களக் களக்". மூணு, கீழே சம்புல போய் விழற "சளசள".

இதுல ரெண்டாவதுதான் பெரிய வில்லன். குழாய்க்குள்ள போறது தண்ணி மட்டும் இல்லை, காத்தும் சேர்ந்து போகுது. ஒரே குழாய்ல கீழே போகணும்னு தண்ணி, மேலே வரணும்னு காத்து. ரெண்டும் மல்லுக்கட்டறதுதான் அந்தக் களக் களக். பாட்டிலைத் தலைகீழாக் கவிழ்த்தா வருமே, அதே சத்தம். குழாய் முழுக்கத் தண்ணியால நிறைஞ்சு துளிக் காத்தும் இல்லாமப் போச்சுன்னா சத்தமே இருக்காது. டியூப் போட்டு வாயால உறிஞ்சி மண்ணெண்ணெய் எடுப்போமே, அந்த சைஃபன். அது ஓடறது காதுல விழுமா?

இதுக்கு டர்சோ குழாய்னு ஒண்ணு சொல்றாங்க. நிக்கிற குழாய் தலையில ஒரு டீ மாட்டி, டீயோட மேல்வாயை மூடிபோட்டு அடைச்சு, மூடியில ஒரு சின்ன ஓட்டை. தண்ணி பக்கவாட்டுல, தண்ணி மட்டத்துக்குக் கீழே இருந்து நுழையும். காத்து அந்த ஓட்டை வழியா அளவா வரும். ஓட்டை ரொம்பச் சின்னதாப் போச்சுன்னா குழாய் சைஃபனா மாறி ஒரே மூச்சுல பெட்டியைக் காலி பண்ணி, காத்தை உறிஞ்சி நின்னு, மறுபடி நிறையும். ஃப்ளஷ் இழுத்த மாதிரி மணிக்கணக்கா நடக்கும். ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாப் பெரிசாக்கி ஒரு நிலைக்குக் கொண்டு வந்தேன். சத்தம் பாதியாச்சு. அப்பா ரெண்டு தடவைக்குப் பதிலா ஒரு தடவை எந்திரிச்சார்.

இங்கேதான் என் மூளை வேலை செஞ்சது. அதாவது, செய்யலை. 'காத்து உள்ளே வர்றதாலதானே சத்தம்? டீயைக் கழட்டிட்டு, குழாய்க்கு அடியில ஒரு வால்வு மாட்டி, வெளியே போற தண்ணியைக் குறைச்சா, பெட்டியில மட்டம் ஏறி, குழாய் வாய் மூழ்கி, காத்தே வராது'ன்னு கண்டுபிடிச்சேன். வால்வைத் திருகத் திருக களக் களக் அடங்கி, ஒரு கட்டத்துல பட்டுன்னு நிசப்தம். தங்கமணியைக் கூப்பிட்டுக் காமிச்சேன். எப்பேர்ப்பட்ட என்ஜினியரைக் கட்டியிருக்கான்னு அவளுக்கும் தெரியணும்ல :-)

ரெண்டு ராத்திரி அப்பா எந்திரிக்கவே இல்லை.

மூணாவது ராத்திரி ரெண்டரை மணி. "ஏல!"ன்னு ஒரு சத்தம். ஓடிப் போய் லைட்டைப் போட்டா, அப்பா தரையில உக்காந்திருக்கார். சுத்திலும் தண்ணி. இடது மணிக்கட்டை வலது கையால பிடிச்சிருக்கார். தொட்டி விளிம்புல இருந்து சீராக் கொட்டிக்கிட்டு இருக்கு. நான் அவரைத் தூக்கப் போனேன். அவர் சொன்ன முதல் வார்த்தை, "என்னை விடுல. மொதல்ல மோட்டாரை நிறுத்து."

வால்வுகிட்ட அழுகின செடி இலை ஒண்ணு போய் அடைச்சிருந்தது. அவ்வளவுதான். ஒரே ஒரு இலை. மோட்டார் பாட்டுக்கு மேலே ஏத்திக்கிட்டே இருக்கு, கீழே இறங்க வழி இல்லை. ஏறக்குறைய பத்து லிட்டர் தரையில. கீழே சொட்டற சத்தம் கேட்டு எந்திரிச்சு வந்த அப்பா வழுக்கி விழுந்திருக்கார். நாங்க மூணு பேர் நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்தோம்.

மணிக்கட்டு எலும்புல விரிசல். அஞ்சு வாரம் மாவுக்கட்டு. ஒரு வார்த்தை என்னைத் திட்டலை. ஆனா நாலாம் நாள் சாப்பிடறப்ப, "பேசாம நான் ஊருக்குப் போறேம்மா. அங்கன்னா எனக்குப் பழகின வீடு"ன்னு தங்கமணிகிட்ட சொன்னார். என்கிட்டச் சொல்லலை, கவனிங்க. தங்கமணி ராத்திரி என்கிட்ட வந்து, "என்னங்க, தொட்டியை யாருக்காவது கொடுத்துடுவோம்"னா. இதைக் கேட்டுக்கிட்டே வந்த பாப்பா ஒண்ணும் சொல்லாம ரூமுக்குப் போயிட்டா. காலையில அப்பா, "மீனை ஒண்ணும் பண்ணாதீய. சின்னப்புள்ள மனசு கஷ்டப்படும். நான்தான் போறேங்கேன்ல"ன்னார்.

அப்பாவா, மீனாங்கிற நிலைமைக்கு வீட்டைக் கொண்டாந்து நிறுத்தினது நான். மாவுக்கட்டு பிரிக்கிற வரைக்கும் எங்கேயும் போக முடியாதுன்னு சொல்லி அஞ்சு வாரம் அவகாசம் வாங்கிக்கிட்டேன்.

என் தப்பு என்னன்னு வங்கிக்காரனாவே யோசிச்சேன். மேலே ஏறற தண்ணி வரவு, இறங்கற தண்ணி செலவு. ரெண்டும் டேலி ஆகணும். வால்வை வச்சு நான் செஞ்சது, ஒரே குழாயில வரவும் செலவும் பைசா சுத்தமா டேலி ஆகும்னு நம்பினது. எந்தக் கிளையில அப்படி நடந்திருக்கு? இறங்கறது ஒரு மயிரிழை குறைஞ்சாலும் தொட்டி வழியும். ஒரு மயிரிழை கூடினாலும் காத்தை உறிஞ்சிக் களக் களக். வித்தியாசம்னு ஒண்ணு கண்டிப்பா வரும். அந்த வித்தியாசத்தை எடுத்துட்டுப் போக இன்னொரு வழி வேணும். அந்த வழியும் அடைபட்டா? அதுக்கு ஒண்ணு வேணும். ஆக மூணு குழாய்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹெர்பின்னும் பீன் அனிமல்னும் புனைபெயர் வச்சுக்கிட்ட மீன் வளர்க்கிறவங்க ரெண்டு பேர் சொன்ன முறைகள் உலகம் பூரா அந்தப் பேர்லயே ஓடுது. ஹெர்பி முறையில ரெண்டு குழாய், பீன் அனிமல் முறையில மூணு. நான் ரெண்டாவதைப் பிடிச்சுக்கிட்டேன்.

முதல் குழாய், சைஃபன். ஒரு அங்குலக் குழாய். இதுலதான் கிட்டத்தட்ட எல்லாத் தண்ணியும் போகும். வாய் எப்பவும் தண்ணிக்குள்ள மூழ்கி இருக்கும். கீழே ஒரு வால்வு. முழுக்கத் திறந்தா மோட்டார் ஏத்தறதை விட அதிகமா இறக்கிடும், அதனால கொஞ்சம் குறைச்சு வைக்கணும். கால் திருப்புல மூடற பால் வால்வு வேண்டாம், மயிரிழை திருத்தம் அதுல வராது. பல சுத்து சுத்தற கேட் வால்வுதான் நல்லது. கடையில கிடைச்சது பித்தளை. பித்தளையில செம்பு இருக்கு, நத்தைக்கும் இறாலுக்கும் செம்பு ஆகாது. பிளாஸ்டிக்குல தேடிப் பிடிச்சு வரவழைச்சேன்.

ரெண்டாவது குழாய், அந்த வித்தியாசத்துக்கு. இதுல வால்வே கிடையாது. முதல் குழாய் விட்டுட்ட கொஞ்சூண்டு தண்ணி மட்டும் குழாய்ச் சுவரைத் தடவிக்கிட்டே நூல் மாதிரி இறங்கும். மெல்லிசா இறங்கறதால சத்தம் வராது. நடுவுல காத்துக்குத் தாராளமா இடம் இருக்கு, மல்லுக்கட்டு இல்லை. இதுல ஒரு அழகான வேலை இருக்கு. இந்தக் குழாய்த் தலையில மூடி போட்டு அதுல ஒரு சின்ன டியூப் சொருகி, டியூப் முனையை வழக்கமான தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிக்கிற மாதிரி வளைச்சு விடணும். முதல் குழாய் அடைபட்டு மட்டம் ஏறினா, டியூப் முனை மூழ்கிடும். காத்து கட். உடனே இந்த ரெண்டாவது குழாயே சைஃபனா மாறி மொத்தத் தண்ணியையும் இழுத்துக்கும்.

மூணாவது குழாய் ஒண்ணேகால் அங்குலம். இதோட வாய் எல்லாத்துக்கும் மேலே. எப்பவும் காஞ்சு கிடக்கும். வேலை வெட்டி எதுவும் கிடையாது. மத்த ரெண்டும் கைவிட்டா மட்டும் இதுல தண்ணி வரும். இதோட கீழ்முனையை மட்டும் சம்புல தண்ணிக்குள்ள முக்கக் கூடாது, மேலேயே நிறுத்தணும். தண்ணி வந்தா "சளார்"னு பெரிய சத்தம் வரட்டும். வரணும்.

தொட்டியில ஏற்கெனவே ரெண்டு ஓட்டை இருந்தது, ஒண்ணு இறங்க, ஒண்ணு ஏற. ஏறற குழாயை விளிம்பு வழியா மேலாலே கொண்டு போயிட்டேன், அந்த ஓட்டை மிச்சம். மூணாவதுக்கு மட்டும் பின்கண்ணாடியில புதுசாப் போடணும். டஃபன்ட் கண்ணாடியா இருந்தா துளை போட முடியாது, சுக்கு நூறாகிடும். எங்களது சாதாக் கண்ணாடி. மீன்களைப் பெரிய டப்புல மாத்திட்டு, தொட்டியைப் படுக்கப் போட்டு, கண்ணாடிக் கடை தாதாவை வீட்டுக்கே கூட்டிட்டு வந்தோம். வைரத் தூள் வச்ச வட்ட ரம்பம். பக்கத்துல ஒரு ஆள் தண்ணி விட்டுக்கிட்டே இருக்கணும், இல்லைன்னா சூடேறி விரிசல் விட்டுடும். தண்ணி விட்ட ஆள் யாருங்கறீங்க? ஒரு கையில மாவுக்கட்டு, ஒரு கையில சொம்பு, எங்க அப்பாதான். "சொட்டுக் கூட வீணாக்காம ஊத்துறேன் பாரு"ன்னார்.

டேங்க் நிப்பிள், எல்போ, யூனியன் எல்லாம் பக்கத்து ஹார்டுவேர் கடையிலயே கிடைச்சது. செய்யறவங்களுக்குச் சில குறிப்பு. தொட்டிக்குள்ள இருக்கற குழாய்களைச் சால்வென்ட் சிமென்ட் போட்டு ஒட்டாதீங்க, சும்மா சொருகினா போதும், கழட்டிக் கழுவலாம். வெளியே ஒட்டினதை ஒருநாள் முழுக்கக் காயவிட்டு நல்லா அலசுங்க. குழாயைப் படுக்கை வசத்துல ஓட்டாதீங்க. சைஃபன் குழாயோட கீழ்முனை சம்புத் தண்ணிக்குள்ள ஒரு அங்குலம் மூழ்கினா போதும், அதிகம் மூழ்கினா மோட்டார் போட்டதும் உள்ளே இருக்கற காத்து வெளியேறத் திணறும். பெட்டிக்குள்ள தண்ணி மட்டத்தைச் சீப்புப் பல்லுக்கு ஒண்ணு, ஒன்றரை அங்குலம் கீழேயே நிறுத்தினா தொபதொப சத்தமும் போயிடும். மோட்டாருக்கு அடியில ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு.

இனி முக்கியமான ரெண்டு கணக்கு. எங்க தொட்டியில ஒரு அங்குல உயரத்துக்கு 14 லிட்டர். கரண்ட் போனா ஏறற குழாயே சைஃபனா மாறித் தண்ணியைக் கீழே இழுக்கும். அதனால அதோட வாயை மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே மட்டும் வச்சேன். பெட்டியில, குழாயில இருக்கறது எல்லாம் சேர்த்து 25 லிட்டர் கீழே வரும். 85 லிட்டர் சம்புல 45 லிட்டர்தான் வச்சிருக்கேன், தாங்கும். ரெண்டாவது கணக்கு அதுக்கு நேர் எதிர். மூணு குழாயும் ஒண்ணா அடைபட்டுப் போனாலும் வழியக் கூடாது. தொட்டி விளிம்பு வரைக்கும் மேலே இடம் 14 லிட்டர். முன்னே மோட்டார் அறையில 25 லிட்டர் இருந்தது, அதான் பத்து லிட்டர் தரைக்கு வந்தது. இப்போ தடுப்பு வச்சு மோட்டார் அறையை 12 லிட்டராக் குறைச்சாச்சு. எவ்வளவு முயற்சி பண்ணினாலும் மோட்டாரால அதுக்கு மேல ஏத்த முடியாது.

எல்லாம் மாட்டி மோட்டாரைப் போட்டோம். முதல் ஒரு நிமிஷம் காத்து வெளியேறி ஒரே ரகளை. வால்வைக் கால் சுத்து, அரைக்கால் சுத்துன்னு குறைச்சுக்கிட்டே வந்தேன். ரெண்டாவது குழாயில நூல் மாதிரி தண்ணி வந்ததும் நிறுத்தினேன். ஃபேன் சத்தம் கேட்டது. கீழே தெருவுல ரிக்‌ஷாக்காரர் மணி கேட்டது. தொட்டி கேட்கலை.

இந்தத் தடவை நான் யாரையும் கூப்பிட்டுப் பெருமை அடிக்கலை. வங்கியில திடீர்னு வந்து கேஷை எண்ணுவாங்க பாருங்க, அந்த மாதிரி சோதனை போட்டேன். வேணும்னே முதல் குழாய் வால்வை மூடினேன். மட்டம் ஏறி, டியூப் மூழ்கி, ரெண்டாவது பிடிச்சுக்கிச்சு. ரெண்டாவதையும் துணியால அடைச்சேன். மூணாவது "சளார்"னு கத்திக்கிட்டே மொத்தத்தையும் இறக்கிடுச்சு. தரையில ஒரு சொட்டு இல்லை. மெயினை அணைச்சுப் பார்த்தேன். சம்பு தாங்கிச்சு. அப்பா நாற்காலியைப் போட்டு உக்காந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருந்தார்.

"அந்த மூணாவதுக்கு வேலையே இல்லையோ?"ன்னு கேட்டார்.

"வேலை வந்தா ஆபத்துன்னு அர்த்தம்ப்பா."

"ம்"னார்.

அதுக்கப்புறம் ராத்திரியில குழாய் மூடப் போறது நின்னுச்சு. ஆனா ஊருக்குப் போற பேச்சு நிக்கலை. மாவுக்கட்டு பிரிச்சு ரெண்டு வாரம் ஆகியும், "டிக்கெட் பார்த்தியால?"ன்னு ஞாபகப்படுத்துவார். நான் இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே இருந்தேன். சத்தம் மட்டும்தான் பிரச்சினைன்னு நான் நினைச்சதும் ஒரு தப்புக் கணக்குன்னு அப்பதான் உறைச்சது. அம்மா இல்லாத ஊர்லயும் இருக்க முடியாது, வேலை இல்லாத இந்த வீட்டுலயும் இருக்க முடியாது. அந்த மனுஷனுக்கு நாற்பது வருஷமா ஒரு கிளாஸ் நிறையப் பசங்க இருந்தாங்க, விடியக்காலையில பிடிக்கத் தண்ணி இருந்தது.

அப்புறம் ஒரு ராத்திரி. மணி பார்க்கலை. அப்பா வந்து என் காலைத் தட்டினார்.

"ஏல, எந்தி. மூணாவது கொழாய் பேசுது."

போய்ப் பார்த்தா, நிஜம்தான். "சளார்"னு கூட இல்லை, லேசா ஒரு சிணுங்கல். நானா இருந்தா எந்திரிச்சிருக்கவே மாட்டேன். பாப்பா செடியோட சேர்த்து வாங்கின நத்தை ஒண்ணு முதல் குழாய்க்குள்ள போய் வால்வுல மாட்டிக்கிச்சு. ரெண்டாவது குழாயோட டியூப்ல பாசி சேர்ந்து ஒழுங்கா மூழ்கலை, பாதி இழுக்குது. மிச்சம் மூணாவதுல. தரை காஞ்சு கிடந்தது. அப்பா டார்ச் பிடிச்சார், நான் யூனியனைக் கழட்டி நத்தையை எடுத்தேன். உயிரோடதான் இருந்தது. கால் மணி நேரத்துல மறுபடி நிசப்தம்.

"முன்ன மாதிரி சளசளன்னு கெடந்திருந்தா எனக்கும் கேட்டிருக்காதுல"ன்னார். "மத்தது பேசாம இருக்கறதாலதான் இது பேசினது கேட்டுச்சு."

வங்கியில இதை எக்ஸெப்ஷன் ரிப்போர்ட்னு சொல்லுவோம். எல்லாம் சரியா நடந்தா ஒரு வரியும் வராது, கோளாறு மட்டும்தான் அச்சாகும். இருபது வருஷமா அதைப் படிச்சுக் கையெழுத்துப் போடறேன். இதுதான் விஷயம்னு எனக்கு அப்பா சொல்லித்தான் புரிஞ்சது.

மறுநாள் காலையில பாப்பாகிட்ட ஒரு பழைய பல்குச்சி கேட்டு வாங்கி அந்த டியூபைக் கழுவிக்கிட்டு இருந்தார். இப்போ ஞாயித்துக்கிழமை தோறும் தாத்தாவும் பேத்தியும் குழாய் மூணையும் கழட்டிக் கழுவி, வால்வை மூடிச் சோதனை போட்டு, ஒரு நோட்டுல தேதி எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடறாங்க. குழாய் வாய்க்கு நத்தை நுழையாத மாதிரி வலை மாட்டினதும் அவங்க ஏற்பாடுதான். மாத்தின தண்ணி பால்கனிச் செடிக்குப் போகுது, ஒரு சொட்டு சாக்கடைக்குப் போறதில்லை. எனக்கு அந்தப் பக்கம் அனுமதி இல்லை :-)

போன வாரம், அம்மா திதிக்கு ஊருக்குப் போகணும், டிக்கெட் போடுன்னார். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல மதுரை வரைக்கும் பார்த்துக்கிட்டே, "எத்தனை நாள்ப்பா?"ன்னு கேட்டேன். பாப்பா நோட்டைப் புரட்டிப் பார்த்துட்டுச் சொன்னார்: "ரெண்டு ஞாயித்துக்கிழமைக்கு மேல விடக்கூடாதுல. திரும்பி வரவும் சேர்த்தே போட்டுரு."

டிஸ்கி: குழாய் அளவு, வால்வு விவரம் இன்னும் வேணும்னா கேளுங்க. நான் கேட்டுச் சொல்றேன். யார்கிட்டன்னு உங்களுக்கே தெரியும்.